ஒரு குடியேறியின் வீட்டை வாசிப்பது எப்படி: பரமட்டா எலிசபெத் ஃபார்ம் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு சிட்னியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு எலிசபெத் ஃபார்ம் என்பது பள்ளிச் சுற்றுலாவின் பெயர். பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டும், நாம் கையெழுத்துப் போடுவோம், மாலையில் "ஆடு பார்த்தாயா?" என்று கேட்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் பிள்ளையோடு நானே உள்ளே போய், அந்த நீண்ட தாழ்வான வராந்தாவில் நின்றபோது, ஊரில் அப்பாவின் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்பது போலவே இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று தேடத் தொடங்கியவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பரமட்டாவை ஒட்டிய ரோஸ்ஹில்லில், அலிஸ் தெருவில் இருக்கிறது இந்த வீடு. 1793இல் கட்டப்பட்டது. ஐரோப்பியர் ஆஸ்திரேலியாவில் கட்டி இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழைய பகுதி இதற்குள்தான் இருக்கிறது. ஜான் மக்கார்த்தர் என்ற படை அதிகாரியும் அவர் மனைவி எலிசபெத்தும் வாழ்ந்த வீடு. அங்கே போய்வரும் வழியைச் சொல்வது என் நோக்கம் அல்ல. இது போன்ற ஒரு குடியேறியின் பண்ணைவீட்டின் வரலாற்றை நீங்களே தேடி எழுத வேண்டுமானால் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எலிசபெத் ஃபார்ம் நம் பயிற்சிப் பாடம். வரிசை முக்கியம். வீட்டுக்காரரிடமிருந்து தொடங்கினால் வீட்டுக்காரர் சொன்ன கதையோடு முடிந்துவிடும்.

படி 1: வீட்டுக்கு முன் நிலம்

நோட்டின் முதல் பக்கத்தில் 1793 என்று எழுதாதீர்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

இது தாருக் மக்களின் பரமட்டகல் குலத்தார் வாழ்ந்த இடம். ஊர்ப்பெயரே அவர்களுடையது: விலாங்கு மீன் கிடக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். கடலின் உப்புநீரும் மேலிருந்து வரும் நன்னீரும் சந்திக்கும் இடத்தில் விலாங்கு நிறையக் கிடைக்கும். இங்குள்ள ரக்பி அணியின் பெயர் விலாங்குகள் என்று இருப்பதும் அதனால்தான்.

1788 ஜனவரியில், பிரிட்டன் நாடு கடத்திய கைதிகளோடு முதல் கப்பல்கள் சிட்னிக்கு வந்தன. அதே ஆண்டு நவம்பரில், நல்ல மண் தேடி ஆற்றின் வழியே மேலே வந்தவர்கள் இங்கே ரோஸ் ஹில் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். 1791 ஜூனில் அது பரமட்டா என்று பெயர் மாறியது. இடையில், 1789இல், பெரியம்மை வந்தது. சிட்னியைச் சுற்றியிருந்த பூர்வகுடியினர் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். ஆக, 1793இல் இங்கே செங்கல் இறங்கியபோது இது "வெற்று நிலம்" அல்ல. நோயில் ஆட்களை இழந்து, ஆற்றங்கரையை விட்டு விலக்கப்பட்டவர்களின் நிலம்.

இந்த முதல் படியில் ஒரு மனிதரையாவது பெயரோடு கண்டுபிடியுங்கள். எனக்குக் கிடைத்தவர் பலூடெரி. பரமட்டகல் இளைஞர். ஆற்றில் மீன் பிடித்துக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு விற்றுவந்தார். அதாவது புதிதாக வந்தவர்களோடு வியாபாரம் செய்து வாழ முயன்றவர். 1791இல் கைதிகள் சிலர் அவருடைய மரப்பட்டைத் தோணியை உடைத்துப் போட்டார்கள். தோணி போனால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. அவர் ஒரு வெள்ளையரை ஈட்டியால் குத்திப் பழி தீர்த்தார், ஆளுநர் அவரைத் தேடப்படும் ஆளாக அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் நோயில் இறந்துபோனார். மக்கார்த்தரின் வீடு எழும்புவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அதே ஆறுதான்.

இதை முன்னுரையில் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு "சரி, வீட்டுக்கு வருவோம்" என்று போகும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வீட்டின் அடித்தளம் இதுதான்.

படி 2: மூலப்பத்திரம்

நம் ஊரில் நிலம் வாங்கும்போது என்ன செய்வோம்? தாய்ப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், கைமாறிய வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் வக்கீல் உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பழக்கம் இங்கே அப்படியே உதவும். சிட்னி இருக்கும் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 1863 முதல் டாரன்ஸ் முறைப் பட்டா, அதாவது அரசுப் பதிவேடே உரிமைக்குச் சான்றாகும் முறை வந்தது. அதற்கு முந்தியவை எல்லாம் பழைய முறைப் பத்திரங்கள், ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்துப் படிக்க வேண்டியவை. மாநில அரசின் வரலாற்று நில ஆவணத் தளத்தில் பழைய பாரிஷ் வரைபடங்கள் வரை இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊர் எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது எளிது.

ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி இங்கே விற்பனை அல்ல, கொடை. 1793 பிப்ரவரியில் மக்கார்த்தருக்கு 100 ஏக்கர் தரப்பட்டது. கொடுத்தவர் பிரான்சிஸ் குரோஸ். இங்கே நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்.

கொடுத்தவர் யார்? ஆளுநர் பிலிப் 1792 டிசம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அடுத்த ஆளுநர் வரும்வரை பொறுப்பில் இருந்தவர் குரோஸ். அவர்தான் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் தலைவர். மக்கார்த்தர் அதே படைப்பிரிவில் லெப்டினன்ட். மேலதிகாரி தன் அதிகாரிக்கு நிலம் கொடுத்திருக்கிறார்.

வாங்கியவர் அப்போது என்ன பதவியில் இருந்தார்? அதே 1793இல் குரோஸ் அவரைப் பொதுப்பணி மேற்பார்வையாளராகவும் நியமித்தார். யார் எந்த வேலைக்குப் போவது என்று கைதிகளைப் பிரித்து அனுப்பும் பிடி அவர் கையில் வந்தது. நிலமும் கையில், உழைப்பும் கையில். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள், வீடு எப்படி இவ்வளவு விரைவாக எழுந்தது என்பது விளங்கிவிடும்.

கொடுத்தவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது? இதற்குப் பத்திரம் கிடையாது. வில்லங்கச் சான்றில் முதல் வரிக்கு மேலே இருக்கும் வெள்ளைத்தாள் அது. முதல் படியில் நீங்கள் எழுதியதுதான் இதற்குப் பதில்.

அடுத்த ஆண்டு, 50 ஏக்கரைத் திருத்திப் பயிரிட்ட முதல் ஆள் என்று இன்னொரு 100 ஏக்கர் கிடைத்தது.

பெயர் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். பழைய ஆவணங்களில் மக்கார்த்தர் என்ற பெயரே பல எழுத்துக்கூட்டலில் வரும். திருச்சிராப்பள்ளியையும் தூத்துக்குடியையும் என்ன பாடு படுத்தினார்கள் என்று நமக்குத் தெரியும். தங்கள் பெயர்களையும் அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி "எதுவும் இல்லை" என்று மூடிவிட வேண்டாம்.

படி 3: கடிதத்தையும் அளவு நாடாவையும் சேர்த்து எடுத்துப் போங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. 1794 ஆகஸ்டில் ஜான் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் வீட்டை அளவோடு சொல்கிறார்: செங்கல் வீடு, முன்பக்கம் 68 அடி, அகலம் 18 அடி, மாடி இல்லை, தரைத்தளத்தில் நான்கு அறைகள், ஒரு பெரிய கூடம், நிலவறை. பக்கத்தில் சமையற்கட்டும் வேலையாட்கள் தங்கும் அறைகளும். சுற்றிலும் சுமார் 3 ஏக்கரில் திராட்சையும் காய்கறித் தோட்டமும்.

68 அடியை 18 அடியால் பெருக்கினால் 1,224 சதுர அடி. இன்றைக்குச் சென்னையில் விற்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் அளவு. காலனியின் பெரும் பணக்காரராகப் போகிறவரின் வீடு அவ்வளவுதான். 18 அடி அகலம் என்றால் ஒரு அறை ஆழம். முன் சன்னலைத் திறந்தால் காற்று பின் சன்னல் வழியாகப் போகும்.

இந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நடங்கள். இங்கே அதற்கு வசதி உண்டு: இந்த அருங்காட்சியகத்தில் கயிறு கட்டித் தடுக்கவில்லை. அறைகளில் இருப்பவை மாதிரிப் பொருட்கள், நாற்காலியில் உட்காரலாம், இழுப்பறையைத் திறக்கலாம். இன்றைய வீடு 18 அடியைத் தாண்டி விரிந்திருக்கும். எந்தச் சுவர் பழைய வீட்டின் வெளிச்சுவராக இருந்து இன்று உள்சுவர் ஆகியிருக்கிறது என்று தேடுங்கள். கனம் காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் பழைய வீட்டோடு புதிதாக ஒரு அறை சேர்த்துக் கட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவில் ஒரு சுவர் மட்டும் காரணமில்லாமல் தடித்து நிற்கும்.

அதே கடிதத்தில் இருப்புக் கணக்கும் இருக்கிறது. ஏறத்தாழ 250 ஏக்கர் நிலம், விளைச்சல் விற்று 400 பவுண்டு, களஞ்சியத்தில் 1,800 புஷல் தானியம், ஒரு குதிரை, இரண்டு பெட்டைக் குதிரைகள், இரண்டு பசுக்கள், 130 வெள்ளாடுகள், 100க்கு மேல் பன்றிகள். பெருமை பேசும் கடிதம்தான். ஊரில் இருக்கும் அண்ணனுக்குத் தம்பி எழுதுவது வேறு எப்படி இருக்கும்? ஆனால் பெருமையடிக்கும் கடிதத்திலும் எண்ணிக்கைகள் பயன்படும். அந்தப் பட்டியலில் செம்மறி ஆடே இல்லை என்பதைக் கவனியுங்கள். செம்மறிக்குப் பிறகு வருவோம்.

படி 4: கூரையும் வராந்தாவும்

கட்டடத்தை ஒரு முறையும் தாளை ஒரு முறையும் மாறி மாறிப் பாருங்கள். 1794 கடிதம் வராந்தாவைப் பற்றிப் பேசவில்லை. அதனால் அன்று வராந்தா இல்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது. எழுதவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. கட்டடத்தில் சான்று தேட வேண்டும். கூரை இதற்கு நல்ல இடம். பழைய வீட்டின் கூரை மரங்களில் சில இன்னும் பிற்காலக் கூரைக்குள்ளேயே இருக்கின்றன. பழையதை இடிக்காமல் அதன் மேலேயே பெரிய போர்வையாகப் புதிய கூரையை இழுத்து, வராந்தா வரை தாழ இறக்கிவிட்டார்கள். 1820களில் ஜான் செய்த பெரிய மாற்றங்களுக்குப் பிறகுதான் வீடு இன்று நாம் பார்க்கும் நாகரிகத் தோற்றத்தை அடைந்தது.

அந்தத் தோற்றம்தான் எனக்கு அத்தை வீட்டை நினைவுபடுத்தியது. அது தற்செயல் அல்ல. இங்கிலாந்தில் இப்படி வீடு கட்டமாட்டார்கள். வெயிலைத் தடுக்கும் தாழ்ந்த கூரை, சுற்றி நிழல், வெளியே உட்காரும் இடம் என்ற அமைப்பை ஆங்கிலேயர் இந்தியாவில் கற்றார்கள். வராந்தா என்ற சொல்லும் பங்களா என்ற சொல்லும் அவர்களுடைய மொழிக்கு இந்தியா வழியாகவே போயின. அந்தக் காலச் சிட்னி கல்கத்தாவோடு நெருக்கமாக வாணிபம் செய்தது. அரிசியும் துணியும் சாராயமும் அங்கிருந்து வந்தன. 1810இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லக்லன் மக்குவாரியே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகையில், திப்பு சுல்தான் விழுந்த அந்தப் போரில் இருந்தவர். இந்தியாவில் பழகிய கண்களும் உடல்களும் இங்கே வந்து வீடு கட்டின. ஆகவே, ஆஸ்திரேலிய வீட்டின் அடையாளம் என்று இன்று சொல்லப்படும் வராந்தாவில் நின்று ஒரு தமிழருக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தால், அதற்குக் காரணம் இருக்கிறது.

படி 5: காசு எங்கிருந்து வந்தது

வீடு பெரிதாகும்போதெல்லாம் பின்னால் ஒரு வருமானம் இருக்கும். அதைத் தேடுங்கள். இங்கே அது கம்பளி.

பாடநூல்களில் மக்கார்த்தர் என்றால் மெரினோ, மென்மையான கம்பளி தரும் செம்மறி இனம். ஆனால் அவர் கம்பளி யோசனையின் முதல் புள்ளி கல்கத்தாவிலிருந்து வந்தது. வங்காளத்திலிருந்து வந்த பெண் செம்மறிகளையும் குட்டிகளையும் சேர்த்து 60 உருப்படிகளை அவர் வாங்கினார். நம் மேச்சேரி ஆட்டைப் போல உடம்பில் கம்பளி இல்லாமல் முடி மட்டும் இருக்கும் இனம், இறைச்சிக்கு ஆனது. அதோடு ஐரிஷ் ஆடுகள் சிலவற்றைச் சேர்த்தபோது, பிறந்த குட்டிகளின் மேல் முடியும் கம்பளியும் கலந்து வளர்ந்தன. அதைப் பார்த்துத்தான் இந்த மண்ணில் நல்ல கம்பளி எடுக்க முடியும் என்ற எண்ணம் வந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1797இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ ஆடுகள் வந்தன. 1804இல் இங்கிலாந்து அரசரின் மந்தையிலிருந்து சிலவற்றை ஏலத்தில் எடுத்து, 1805இல் கொண்டுவந்து இறங்கினார். கூடவே கெளபாஸ்சர்ஸ் என்ற மேய்ச்சல் நிலத்தில் 5,000 ஏக்கர் தரச் சொல்லும் உத்தரவும் வந்தது. பிறகு கேம்டன் என்று பெயர் பெற்ற இடம் அதுதான். எலிசபெத் ஃபார்ம் குடும்பத்தின் வசிப்பிடமாக நீடித்தது, ஆட்டுச் செல்வம் அங்கே பெருகியது.

1966இல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது 2 டாலர் நோட்டில் ஜான் மக்கார்த்தரின் முகத்தையும் ஒரு மெரினோ கிடாவையும் அச்சிட்டார்கள். 1988இல் அந்த நோட்டு போய் 2 டாலர் நாணயம் வந்தது. அதில் பொறித்தது ஒரு பூர்வகுடிப் பெரியவரின் உருவத்தை. பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்க, பையில் கிடக்கும் அந்த நாணயத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி 6: ஆள் இல்லாத ஆண்டுகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, வீட்டுத் தலைவர் எந்தெந்த ஆண்டுகளில் ஊரில் இருந்தார் என்று குறியுங்கள். எந்தப் பண்ணைவீட்டுக்கும் இதைச் செய்யலாம். இந்த வீட்டில் இதன் விளைவு வேறு எதையும்விடப் பெரியது.

1801இல் ஜான் தன் மேலதிகாரி வில்லியம் பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டையிட்டு அவரைக் காயப்படுத்தினார். விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பியது 1805இல். 1808 ஜனவரி 26ஆம் தேதி ஆளுநர் பிளையைப் படையினர் கவிழ்த்த கலகத்தில் முக்கியப் பங்கு அவருடையது. 1809இல் மீண்டும் இங்கிலாந்து போனவர் 1817 வரை திரும்ப முடியவில்லை. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 12 ஆண்டுகள். கம்பளித் தொழில் வேர்பிடித்த ஆண்டுகளில் பெரும்பாலானவை இவைதான்.

அந்த ஆண்டுகளில் பண்ணையை நடத்தியவர் எலிசபெத். டெவன் மாவட்டத்து பிரிட்ஜ்ரூல் என்ற கிராமத்துப் பெண். 1790 ஜூனில் இரண்டாம் கப்பல் கூட்டத்தில், கைக்குழந்தை எட்வர்டோடு, 23 வயதில் வந்து இறங்கினார். அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்ட சுமார் 1,000 கைதிகளில் நாலில் ஒருவர் வழியிலேயே இறந்தனர். எலிசபெத்துக்கும் கடலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது. அப்படி வந்தவர் பிறகு மந்தைகளை, மேய்ப்பர்களை, கைதி வேலையாட்களை, கம்பளி ஏற்றுமதியை, பிள்ளைகளை எல்லாம் ஒரு கையில் வைத்து நடத்தினார். எந்தக் கிடாவை எந்த மந்தையில் விடுவது என்ற முடிவு வரை அவருடையது. பாடநூல்கள் நீண்டகாலம் "கம்பளித் தொழிலின் தந்தை" என்று ஒருவரை மட்டும் சொல்லிவந்தன. ஆண்டுக்கணக்கை எழுதிப் பார்த்த யாரும் அதை அப்படியே ஏற்க மாட்டார்கள். எனக்கு இதில் ஐயமே இல்லை.

அவர் குரலைக் கேட்க வழி உண்டு. பிரிட்ஜ்ரூலில் இருந்த தோழி பிரிட்ஜெட் கிங்டனுக்கும் மகன்களுக்கும் எழுதிய கடிதங்கள் சிட்னியின் மாநில நூலகத்தில் மக்கார்த்தர் குடும்பத் தாள்களில் இருக்கின்றன. கடிதம் படிக்கும்போது ஒரு பழக்கம் வையுங்கள்: யாருக்கு எழுதியது என்பதை முதலில் குறித்துவிட்டு, பிறகு செய்தியைப் படியுங்கள். தோழிக்கு எழுதுவது வேறு, கணவருக்கு எழுதுவது வேறு.

ஜான் 1832இல் மனநிலை பிறழ்ந்தவர் என்று அறிவிக்கப்பட்டு 1834இல் கேம்டனில் இறந்தார். எலிசபெத் 1850 வரை வாழ்ந்தார்.

படி 7: படத்தை நம்பும் முன் வரைந்தவரை விசாரியுங்கள்

ஜோசப் லைசெட் என்ற ஓவியர் 1824, 1825இல் லண்டனில் வெளியிட்ட ஆஸ்திரேலியக் காட்சிகளின் தொகுப்பில் மக்கார்த்தரின் பரமட்டா வீடும் இருக்கிறது. அழகான படம். லைசெட் யார் என்றால், கள்ளக் கையெழுத்து, கள்ளப்பண வழக்கில் நாடு கடத்தப்பட்டு வந்தவர். வந்த இடத்திலும் கள்ள நோட்டு அச்சிட்டுப் பிடிபட்டவர். அதனால் படம் பொய் என்று சொல்ல வரவில்லை. குடியேற வாருங்கள் என்று ஆசை காட்டும் தொகுப்புக்காக, லண்டன் வாசகருக்காக வரையப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். மேடும் மரமும் ஆறும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். வேலை செய்பவர் யாராவது தெரிகிறார்களா, எவ்வளவு சிறிதாகத் தெரிகிறார்கள் என்று தேடுங்கள்.

படி 8: புகழ் போன பிறகும் வீடு இருந்தது

வீட்டு வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் பெரிய மனிதர் இறந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள். இந்த வீடு இன்று நிற்பதற்குக் காரணம் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

1881இல் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. எஸ்டேட் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. 1885இல் திறந்த ரோஸ்ஹில் குதிரைப் பந்தய மைதானம் இந்த எஸ்டேட் நிலத்தில்தான் எழுந்தது. வீடு பாழடைந்தது. 1904இல் ஸ்வான் குடும்பம் வாங்கிக் குடிவந்து, 1968 வரை 60 ஆண்டுகளுக்கு மேல் அந்த வீட்டைக் காத்தது. பிறகு ஒரு அறக்கட்டளை, அதன் பிறகு மாநில அரசு, 1984இல் அருங்காட்சியகம். ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே மழையில் பாத்திரம் வைத்த தலைமுறைதான் எந்தப் பழைய வீட்டையும் காப்பாற்றுகிறது. காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் ஒற்றையாய் இருந்து விளக்கேற்றிவரும் ஆச்சிகளை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்துக்குச் செய்தித்தாள்தான் நல்ல துணை. தேசிய நூலகத்தின் டுரோவ் தளத்தில், 1803இல் தொடங்கிய சிட்னி கெசட் முதல் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டின் பெயரை மட்டும் அல்ல, தெருவின் பெயரையும் ஏல அறிவிப்பு என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். ஏல விளம்பரம் ஒன்று கிடைத்தால் அறைகளும் தொழுவமும் கிணறும் பட்டியலாகவே வந்துவிடும்.

நேரம் இருந்தால் அருகில் ஹாம்பிள்டன் காட்டேஜையும் பாருங்கள். 1805இல் வந்த பெனிலோபி லூகாஸ் என்ற ஆசிரியைக்காக, இதே எஸ்டேட்டில் 1820களில் கட்டியது. வெஸ்ட்மீடிலிருந்து வரும் லைட் ரெயிலில் ரோஸ்ஹில் கார்டன்ஸில் இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போகலாம்.

படி 9: தாளில் இல்லாதவர்கள்

கடைசிப் படி, கடினமான படி.

இந்த வீட்டின் செங்கலை அறுத்தவர், மரத்தைப் பிளந்தவர், துணி துவைத்தவர், ஆடு மேய்த்தவர் எல்லாம் பெரும்பாலும் கைதிகள். அவர்கள் கடிதம் விட்டுச் செல்லவில்லை. ஆனால் அரசு அவர்களை எண்ணிக்கொண்டே இருந்தது. எண்ணியதால் தாள் இருக்கிறது. கப்பல்வாரியான கைதிப் பட்டியல்கள், தலைக்கணக்குப் பதிவேடுகள், 1788 முதல் 1825 வரையான காலனிச் செயலரின் தாள்கள், 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கடைசியாகச் சொன்னதில் யார் யாரிடம் வேலைக்கு இருந்தார் என்பதும் வரும். முதலாளி பெயரை வைத்துத் தேடி, வேலையாள் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத வேண்டும். பொறுமை வேண்டும், ஒரு மாலையில் நாலு பெயர் கிடைத்தாலே பெரிது.

1804 மார்ச்சில் காஸில் ஹில் பகுதிக் கைதிகள் ஆயுதம் ஏந்தி எழுந்த இரவில், எலிசபெத் பிள்ளைகளோடு படகில் ஏறி ஆற்று வழியே சிட்னிக்குத் தப்பினார். ஜான் அப்போது ஊரில் இல்லை. இந்தச் சம்பவத்தை எலிசபெத்தின் பக்கமிருந்து எழுதுவது எளிது, கடிதம் இருக்கிறது. அதே இரவை வீட்டில் வேலைக்கிருந்த ஒரு கைதியின் பக்கமிருந்து நினைத்துப் பாருங்கள். எழுந்தவர்களில் அவருடைய கப்பல் தோழர் இருந்திருக்கலாம். இருந்தார் என்று எழுத நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை எழுதிவைக்கலாம்.

பூர்வகுடியினர் பக்கம் இன்னும் கடினம். 1797இல் பெமுல்வுய் என்ற பூர்வகுடிப் போராளி தன் வீரர்களோடு பரமட்டாவுக்குள்ளேயே வந்து படையினரை எதிர்த்தார். குண்டுகள் பாய்ந்து விழுந்தவரை மருத்துவமனையில் சங்கிலியோடு போட்டார்கள், சங்கிலியோடு தப்பினார். 1802இல் சுடப்பட்டார். அவர் தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அது எங்கே என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெமுல்வுயின் மகன் டெட்பரி, எலிசபெத் ஃபார்முக்கு வந்துபோகிறவராக இருந்தார். 1808இல் மக்கார்த்தர் கைதானார் என்று கேட்டு ஈட்டிகளோடு வந்து, ஆளுநரைக் குத்தத் தயார் என்று நின்றதாகக் குறிப்பு உண்டு. தகப்பனைக் கொன்ற காலனியின் அதிகாரி ஒருவருக்காக மகன் ஏன் ஈட்டி எடுத்தார்? நட்பா, கணக்கா, ஆளுநர் மீதான பகையா? இதற்கு விடை சொல்லும் ஒரு வரியும் டெட்பரியின் வாயிலிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. எழுதும்போது மூன்றில் ஒன்றைத் தேர்ந்து கதையை முடித்துவிடாதீர்கள். அப்படியே விடுங்கள்.

நான் என் நோட்டின் கடைசியில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். இந்தக் கூரையின் கீழ் தூங்கியவர்கள் என்று தலைப்பு. மக்கார்த்தர் பிள்ளைகள் பெயர் முழுதும் வந்துவிட்டது. ஸ்வான் குடும்பமும் வந்தது. 1794க்கு நேரே, அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் வரும் சமையற்கட்டுக்குப் பக்கத்து வேலையாட்கள் அறை இருக்கிறது. அங்கே பேனாவால் எழுதாமல், அழிக்கக்கூடிய பென்சிலால் "பெயர் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.